எட்டு எழுத்தில் ஒரு மழைநாள்

கனமழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, பாகூர்ப் பக்கத்து வயல்களில் சில தவளைகள் நிறம் மாறியிருக்கும். நேற்றுவரை சேற்றோடு சேறாகக் கிடந்த பெருந்தவளை இன்று எலுமிச்சை மஞ்சள். தாடையின் இரு பக்கமும் நீலப் பைகள் ஊதி ஊதி அடங்கும். இப்படி மஞ்சளாவது ஆண் தவளை. நீலப் பையை ஊதிக் கத்துவதும் அதுதான். வயலில் புதுத் தண்ணீர் தேங்கி இணை தேடும் அந்தச் சில நாள்களுக்கு மட்டுமே இந்தக் கோலம். பிறகு பழைய பச்சைக்கும் பழுப்புக்கும் திரும்பிவிடும். குருவிநத்தத்திலோ சேலியமேட்டிலோ ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இதைப் பள்ளிக்கு வரும் வழியிலேயே பார்த்துவிடும். நின்று வேடிக்கை பார்த்ததில் மணி அடித்திருக்கும். கால் சேற்றோடுதான் வகுப்புக்குள் நுழையும்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை திறக்கும் பக்கத்தில் தவளை இருக்கிறதா? பாட வரிசைப்படி மழை என்றைக்கோ வந்து போயிருக்கும், அல்லது கோடையில்தான் வரும். பருவம் வெளியே ஒன்று, புத்தகத்துக்குள் இன்னொன்று. இது சிறிய பிசகு என்று நாம் நினைக்கிறோம். வாசிப்பைப் பற்றிய அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை இரண்டாகப் பிரித்தார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று. அந்த ஒலி சொல்லும் பொருளைப் புரிந்துகொள்வது மற்றொன்று. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். இரண்டாண்டுகள் கழித்து, 1988இல், டோனா ரெக்ட்டும் லாரன் லெஸ்லியும் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தியும் வாயால் சொல்லியும் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைத் தாண்டிப் போனார்கள்.

இந்த முடிவை நம் ஊர் வயல்வரப்பில் நிறுத்திப் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். அங்கே பிறந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு நாற்று எப்படி முடிகட்டப்படும், சேடை ஓட்டிய வயலில் கால் எவ்வளவு இறங்கும், ஏரி நிறைந்தால் எந்த வாய்க்காலில் முதலில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் தெரியும். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவதை அது பாடமாகப் படித்திருக்காது, பார்த்திருக்கும். வில்லியனூர்ப் பிள்ளைக்குச் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் அப்படி. பெருக்கலின் ஒரு பாதி அவர்களிடம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளை என்று நாம் வருத்தப்படும் பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் காட்டாததுதான் என் வருத்தம்.

இந்த மண்ணில் அதைச் செய்த ஒருவர் இருந்தார். வாணிதாசன். இயற்பெயர் அரங்கசாமி என்ற எத்திராசலு. 1915 ஜூலை 22ஆம் நாள் வில்லியனூரில் பிறந்தார், பாரதிதாசனிடம் படித்தார், பள்ளி ஆசிரியரானார், பாகூர்க் கொம்யூனில் உள்ள சேலியமேட்டில் வாழ்ந்தார். 1974இல் மறைந்தார். தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று அவரைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. பெருமையான பட்டம்தான். ஆனால் அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில் கழித்தவர் என்பதை அந்தப் பட்டம் மறைத்துவிடுகிறது. தொடுவானம், எழிலோவியம் என்று பெரியவர்களுக்கு எழுதிய கையே குழந்தை இலக்கியம் என்ற நூலையும் எழுதியது. ‘தொடுவான’த்தில் உள்ள ‘ஓடை’ என்ற பாடல் தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இடம்பெற்றது. ஓடைக் கரையில் நின்று பார்க்கிற, கேட்கிற பிள்ளையாகவே அந்தப் பாட்டு நம்மையும் ஆக்கிவிடும்.

அவருடைய குரு பாரதிதாசனும் 1909இல் காரைக்கால் நிரவியில் தொடங்கி 37 ஆண்டுகள் பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கடல், தென்றல், ஆல், கிளி, இருள் என்று தலைப்பிட்டு அவர் எழுதிய ‘அழகின் சிரிப்பு’ 1944இல் வந்தது. பிள்ளைகளுக்கென்றே ‘இளைஞர் இலக்கியம்’ பின்னால் வந்தது. இயற்கையைப் பாடிய இருவரும் ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தினமும் எதிரே வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

பாட்டு ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்துகிறது? முதலில் ஒலியைக் கவனிப்போம். சடசட, சலசல, படபட, பளபள, கலகல, தடதட, மடமட. இரட்டைக்கிளவிகள். தொல்காப்பியம் இவற்றுக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறது. இவற்றை எழுத்தாகப் பாருங்கள். ச, ட, ல, ப, ள, க, த, ம. மொத்தம் எட்டே எழுத்து. ஒன்றிலும் கொம்பு இல்லை, கால் இல்லை, புள்ளி இல்லை. உயிர்மெய் வரிசையில் பிள்ளை முதலில் கற்கும் அகர எழுத்துகள். இந்த எட்டை மட்டும் தெரிந்துகொண்ட பிள்ளையால் கூரையில் விழும் மழையை வாசிக்க முடியும். வாய்க்கால் ஓடுவதை, கொக்கு சிறகடிப்பதை, மின்னலை, மழையில் ஓடும் காலடியை, நனைந்தவர்களின் சிரிப்பை வாசிக்க முடியும். ர சேர்ந்தால் சருகுக்குள் பாம்பு போகும் சரசர.

தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றையும் கற்று முடித்த பிறகுதான் வாசிப்பு என்றால் பிள்ளை நெடுநாள் காத்திருக்க வேண்டும். கன்னடம் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அதன் எழுத்துகளில் தேர்ச்சி பெறவே தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டார். அமைப்பில் தமிழ் எழுத்தும் அதன் உறவுதான். அந்த நீண்ட வழியில் பிள்ளை சலித்துப்போகாமல் இருக்க, எட்டெழுத்தில் ஒரு மழைநாளையே கொடுக்கிற மொழியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் அதைப் பயன்படுத்துவதில்லை?

ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள இந்த உறவு வெறும் கவி ரசனை அல்ல. 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இரண்டு உருவங்களை வரைந்து, ஒன்று கூர்முனைகள் கொண்டது, மற்றது உருண்டு வளைந்தது, இவற்றில் எது ‘கிகி’, எது ‘பூபா’ என்று கேட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இங்கே தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கூர்முனைக்குக் ‘கிகி’ என்ற பெயரையே கொடுத்தார்கள். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போல ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். முட்சுமி இமாயும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2008இல், மூன்று வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொல்லைக் கற்பதற்கு அதன் ஒலியே அசைவைக் காட்டினால் எளிதாகிறது என்று கண்டறிந்தார்கள். சொல்லைக் கேட்டவுடனே பொருளின் ஒரு நுனி பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது மோனையும் எதுகையும். 1983இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் சுமார் 400 ஆங்கிலேயக் குழந்தைகளை நான்கு, ஐந்து வயதிலிருந்து சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே ஒலியில் தொடங்கும், முடியும் சொற்களைச் சிறு வயதிலேயே இனம்கண்ட பிள்ளைகள் பின்னால் நன்றாக வாசித்தார்கள். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று கிராமத்தில் சொல்வார்கள். தட்டான், தாழ, தப்பாமல் என்ற மூன்று சொல்லிலும் முதல் எழுத்து ஒரே இனம். கேட்ட பிள்ளை மறக்காது. எழுதிக் காட்டினால் த, தா, த என்று காலுள்ள தகரத்தையும் காலில்லாத தகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிடும். காதில் விழுந்த ஒற்றுமை கண்ணிலும் தெரிகிற இடம் அது.

அந்தத் தட்டானின் கதையையும் அன்றே சொல்லிவிடலாம். மழைக்காற்றோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்கள் மழைநீர்க் குட்டைகளில் முட்டையிடுபவை. அக்டோபர் வாக்கில் அவை மாலத்தீவில் பெருந்திரளாக இறங்குகின்றன. அங்கிருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009இல் எழுதினார். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி. அதன் வாலில் நூல் கட்டி விளையாடிய கைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

பருவம் என்றதும் நாம் பூவையும் குயிலையும் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து நின்றுவிடுகிறோம். 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிள்ளையிடம் மழை அழகு என்று எழுதச் சொல்வது தவறு. பயந்ததையும் எழுத இடம் வேண்டும். 1916 கார்த்திகையில் புதுச்சேரியில் அடித்த புயலைப் பாரதி பாடியபோது, அதை வீட்டுக்குள் இருக்கும் கணவன் மனைவி பேச்சாகவே அமைத்தார். பயம் பாட்டாக மாறும் வழிகளில் அது ஒன்று: வீட்டில் அன்றிரவு யார் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையைக் கேட்டால் போதும்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதையே முறையாக்கினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அன்றைக்கு அதற்கு முக்கியமான சொல்லைக் கேட்டு, ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். அச்சமும் அன்பும் சம்பந்தப்பட்ட சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார்கள். 1963இல் வந்த அவருடைய ‘டீச்சர்’ என்ற நூல் அந்த வகுப்பறையின் பதிவு.

நம் வகுப்பறையில் இன்னொரு தடையும் உண்டு. பிள்ளை “மழ பேயுது” என்கிறது. புத்தகம் “மழை பெய்கிறது” என்கிறது. முதல் மாதங்களில் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘மழ’, ‘தவள’ என்று பேச்சில் வரும்போது அவையும் கொம்பும் காலும் இல்லாத எழுத்துகளாகவே நிற்கின்றன. “மழ சடசட, தவள கலகல” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவே அன்றைய பாட்டு, அன்றைய பாடம். ஐகாரம் கற்றதும் அதே பாட்டை மறுபடி எழுதி, மழைக்கும் தவளைக்கும் கொம்பு முளைத்ததைக் காட்டலாம். தமிழ் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் நாட்டுப்புறத் தாலாட்டும் நடவுப் பாட்டும் எந்தத் தமிழில் இருக்கின்றன என்று நினைத்துப் பார்க்கட்டும்.

பாட வரிசையை மாற்ற நம்மிடம் ஆயத்தமான சட்டகம் ஒன்று இருக்கிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பொழுதையும் மரத்தையும் பறவையையும் சேர்த்துவைத்த மரபு நம்முடையது. அதை அப்படியே மனப்பாடம் செய்யவைக்காமல் பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொல்லலாம். இலக்கணப்படி கார்காலம் ஆவணி, புரட்டாசி. ஆனால் புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. கூதிர்காலமான ஐப்பசி, கார்த்திகைதான் இங்கே அடைமழைக் காலம். தென்மேற்குக் காற்று ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே இறக்கிவிடுகிறது. அக்டோபரில் காற்று திசை திரும்பி, வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையேறுகிறது. நூல் சொல்வதும் நம் ஊர் சொல்வதும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கப் பழகிய பிள்ளை, வாசகராகவும் விஞ்ஞானியாகவும் ஒரே நேரத்தில் வளர்கிறது. அப்படிப் பார்த்தால் சித்திரையில் கூவுகிற கறுத்த குயில் ஆண் என்பதும், பாட்டுகளில் அது பெண்ணாகிவிட்டது என்பதும் தெரியவரும். புதுச்சேரித் தோப்பில் பிறந்த பாரதியின் ‘குயில் பாட்டு’ நாயகியையும் அப்போது அறிமுகப்படுத்தலாம். மார்கழியில் ஊசுட்டேரிக்கு வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளுக்கும் ஒரு பக்கம் வேண்டும். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. வில்லியனூர்ப் பள்ளிகளுக்கு ஒரு காலைநேரத் தொலைவு.

நெல்லும் எழுத்தும் இந்தப் பகுதியில் கைகோத்தது இன்றைக்கு நேற்றல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே விளைச்சலின் வருவாயில் படிப்பு நடந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியருக்கு நான் சொல்வது ஒரு மரம். சீசன்வாட்ச் என்ற இயக்கத்தில் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் வாரந்தோறும் ஒரே மரத்தைப் பார்த்து, இளந்தளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா என்று குறித்துவருகிறார்கள். 2010 வாக்கில் தொடங்கிய வேலை அது. தேர்ந்த விஞ்ஞானிகளுக்கும் அந்தக் குறிப்புகள் பயன்படுகின்றன. வில்லியனூரிலும் பாகூரிலும் கேட்பாரற்று வேலியோரம் நிற்கும் நுணாவை எடுத்துக்கொள்ளலாம். வாணிதாசன் தன் நூலொன்றுக்குச் ‘சிரித்த நுணா’ என்றே பெயர் வைத்தார். வெள்ளைப் பூவில் நல்ல மணம். வேரில் மஞ்சள் சாயம். மரம் மாட்டு நுகத்தடிக்கு ஆகும். காயில் ஈர்க்குச்சி குத்திப் பிள்ளைகள் தேர் செய்வார்கள். தேர் செய்யும் அந்தக் காய் முழுக்கக் கண்கண்ணாக இருக்கும். நெருங்கிப் பூத்த பல பூக்களின் சூல்கள் ஒட்டி வளர்ந்து ஒரே காயானது அது. பலாவைப் போலக் கூட்டுக்கனி. ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ உதிர்ந்த தழும்பு. ஆளுக்கொரு காயைக் கொடுத்துக் கண்களை எண்ணச் சொல்லலாம். வந்த எண்ணை எழுத்தால் எழுதி, அந்த எண்ணில் தொடங்கும் ஒரு வரியைப் பிள்ளை சொல்ல, ஆசிரியர் பலகையில் எழுத, வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கலாம்.