சேர்க்கை உண்டு, கற்பிக்க ஆசிரியர் எங்கே?

புது தில்லி: கிழக்கு தில்லியின் கர்க்கர்டூமா பகுதியில் உள்ள "அமர் ஜோதி' பள்ளியில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் சரிபாதி எண்ணிக்கையில் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிக்கின்றனர். 1981-ம் ஆண்டு உமா துலி இதைத் தொடங்கியபோது, உடல் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தனிப் பள்ளி அல்லது வீடு என்பதே நாட்டின் பொதுவான வழக்கமாக இருந்தது. இன்று அந்தப் பள்ளி செய்ததை நாட்டின் எல்லாப் பள்ளிகளும் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், சட்டம் திறந்த கதவின் வழியே உள்ளே நுழைந்த குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்பதுதான் இப்போதைய கேள்வி.

இந்த எண்ணம் நாட்டுக்குப் புதிதன்று. ஊனமுற்ற குழந்தைகளை இயன்றவரை பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று 1966-ல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு பரிந்துரைத்தது. 1974-ல் மத்திய அரசு அதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. 1994-ல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாக் குழந்தைகளையும் ஏற்பதே பொதுப் பள்ளியின் கடமை என்று பிரகடனம் செய்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்ற 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 2002-ல் வந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

ஒருங்கிணைத்தல் வேறு, உள்ளடக்குதல் வேறு. முன்னதில் பள்ளி மாறுவதில்லை. குழந்தைதான் பள்ளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னதில் குழந்தைக்கு ஏற்பப் பள்ளி மாற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்த இரண்டாவது பொருளையே ஏற்றுக்கொண்டது. கற்பிக்கும் முறையும் பல்வேறு குழந்தைகளின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்பட வேண்டும் என்பது அதன் விளக்கம். 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அப்போதுதான் பட்டியலில் சேர்ந்தன.

இந்தச் சேர்க்கை முக்கியமானது. சக்கர நாற்காலியில் வரும் குழந்தையின் தேவை கண்ணுக்குத் தெரியும். சாய்தளம் அமைத்தால் ஒரு பகுதி தீர்ந்துவிடும். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் குழந்தையின் சிக்கல் வெளியே தெரியாது. வாய்மொழியாகக் கேட்டால் சரியாக விடை சொல்லும் அந்தக் குழந்தை, எழுதச் சொன்னால் தடுமாறும். "சோம்பேறி', "கவனம் இல்லை' என்ற பட்டங்களே அதற்குக் கிடைக்கும். 2007-ல் வெளியான "தாரே ஜமீன் பர்' ஹிந்தித் திரைப்படம் இந்த நிலையைப் பெற்றோரிடம் பரவலாகக் கொண்டுசென்றது. சட்டம் அதை ஏற்க மேலும் 9 ஆண்டுகள் ஆயின.

சில சலுகைகள் நடைமுறையில் உள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வுகளில் இத்தகைய மாணவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத உதவியாளரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம், 3 மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 1 மணி நேரம் பெறலாம். "சமக்ர சிக்ஷா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு ரூ. 3,500 வீதம் நிதி ஒதுக்கப்படுகிறது. மாணவிகளுக்கு மாதம் ரூ. 200 வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. 2021-22 கல்வியாண்டில் நாடு முழுவதும் பள்ளிகளில் சேர்ந்திருந்த சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் 22.67 லட்சம் பேர் என்கிறது மத்திய கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரம்.

ஆனால், தேர்வறைச் சலுகை ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய கற்பித்தலுக்கு ஈடாகாது. அதற்குச் சிறப்பாசிரியர் தேவை. பல இடங்களில் ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றிவரும் நடைமுறையே உள்ளது. அவர் வராத நாள்களில் குழந்தை வகுப்பில் இருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பாடம் மட்டும் இருக்காது.

இந்தக் குறை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், பணியிடங்களை முறையாக வரையறுக்காமல் ஒப்பந்த அடிப்படையில் ஆசிரியர்களை வைத்துக் காலம் கடத்தும் போக்கு பல மாநிலங்களில் தொடர்ந்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச் மாதம் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

சிறப்பாசிரியரை நியமிப்பதோடு கடமை முடிவதுமில்லை. வகுப்பாசிரியர் கைவிட்ட குழந்தையை வேறோர் அறைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடாக அது மாறிவிட்டால், பழைய தனிப் பள்ளி அதே கட்டடத்துக்குள் திரும்பி வந்ததாகவே பொருள். கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுப் படிப்பது, பார்வை மங்கிய குழந்தையை முன்வரிசையில் அமர்த்துவது, ஒரே பாடத்தைப் படமாகவும் செயலாகவும் காட்டுவது ஆகியவை வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவை. பெரும் செலவு பிடிக்காத இந்த மாற்றங்களால் குறைபாடு இல்லாத மாணவர்களும் பயன் பெறுவர்.

உண்மையில், "சராசரி மாணவன்' என்று ஒருவன் எந்த வகுப்பிலும் இல்லை. கணக்கில் விரைவாக இருப்பவன் மொழியில் தயங்கலாம். பேசத் தயங்குபவள் வரைவதில் தேர்ந்தவளாக இருக்கலாம். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மதிப்பெண் பட்டியலுக்கு மாற்றாக, ஒவ்வொரு குழந்தையின் தனித்தன்மையையும் பதிவு செய்யும் முழுமையான முன்னேற்ற அட்டையைப் பரிந்துரைக்கிறது. அதில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு குழந்தையின் சுய மதிப்பீடும் சக மாணவர்களின் மதிப்பீடும் இடம்பெறும்.

ஆனால், ஒரு வகுப்பில் 50 பேரை அமர்த்திவிட்டு, ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் எழுதுமாறு ஆசிரியரிடம் அட்டையை நீட்டுவதில் பயனில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, விகிதமும் தெளிவாக உள்ளது. மாநில அரசுகள் தங்கள் நிதிநிலை அறிக்கையில் சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதைப் பொருத்தே, பள்ளிக்குள் வந்துவிட்ட அந்தக் குழந்தைகளின் எதிர்காலம் அமையும்.