சுகாதார ஊழியருக்குக் கைப்பேசிக் கழிவு: திரிங்காப் வட்டாரத்தார் அறிய வேண்டியவை

தாதியருக்கோ மருத்துவ உதவியாளருக்கோ கைப்பேசிக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று மலேசியாவில் எந்தச் சட்டமும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கும் கழிவுகள் அவற்றின் விற்பனைத் திட்டங்கள்தாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம். பிரிட்டனில் சுகாதாரப் பணியாளருக்குப் 'புளூ லைட் கார்ட்' என்ற ஒரே அட்டை பல கடைகளில் செல்லுபடியாகிறது. இங்கு அப்படி ஓர் அட்டை கிடையாது. கோவிட் காலத்திலும் அரசாங்கம் முன்களச் சுகாதாரப் பணியாளருக்குக் கொடுத்தது ரொக்கம்தான். மாத அலவன்ஸ் 2020 ஏப்ரலில் 400 ரிங்கிட்டிலிருந்து 600 ஆனது. அப்போது அறிவித்த நாளொன்றுக்கு 1 ஜிபி இலவச இணையம் எல்லாருக்கும் பொதுவானது.

ஆகவே முதலில் எழும் கேள்வி, யார் 'சுகாதார ஊழியர்' என்பது. அதை முடிவு செய்வது விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை. அரசு ஊழியருக்கான திட்டமென்றால் பெரும்பாலும் ஊழியர் அட்டையும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். கேமரன் மலையின் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையின் தாதிக்கு இரண்டும் கைவசம் இருக்கும். பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையிலுள்ள திரிங்காப்பில் குடியிருந்து, தேயிலைத் தோட்டக் கிளினிக்கில் வேலை பார்க்கும் டிரஸரின் (மருத்துவ உதவியாளரின்) நிலை வேறு. அவர் 1965-ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவராக இருக்கலாம். ஆனால் சம்பளம் தருவது தோட்டம். தனியார் கிளினிக் உதவியாளர், குத்தகை நிறுவனத்தின் கீழ் மருத்துவமனையைத் துப்புரவு செய்பவர் ஆகியோரும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவரையே விட்டுவிடும் இந்த வரையறை நியாயமில்லாதது. இருந்தாலும் நிறுவனம் அப்படி வகுப்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பதிவுச் சான்றிதழையோ முதலாளியின் கடிதத்தையோ ஏற்பார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கழிவு கிடைத்துவிட்டாலே அது லாபமாகிவிடாது. எடுத்துக்காட்டாக, மாதம் 150 ரிங்கிட் திட்டத்தில் 20 விழுக்காடு கழிந்து 120 ரிங்கிட். ஒப்பந்தம் 24 மாதம். 2,000 ரிங்கிட் கைப்பேசி 800 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. ஆக 24 மாதத்துக்கு 3,052.80, கைப்பேசிக்கு 800, மொத்தம் 3,852.80 ரிங்கிட். அதே கைப்பேசியை முழு விலைக்கு வாங்கி, 60 ரிங்கிட் திட்டம் போதுமென்று இருப்பவருக்கு வரியோடு 3,526.40 ரிங்கிட்தான் ஆகும். கழிவு வாங்கியவர் 326 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறார். இடையில் விலகினால் அபராதம் வேறு. கூட்டுறவுக் கழகம் வழியாகச் சம்பளப் பிடித்தத்தில் கைப்பேசி வாங்குவோரும் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல் இப்படி மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கேமரன் மலையில் இன்னொரு சங்கடம் லைன். பெரிய சாலையில் முழுக்க இருக்கும் லைன், தோட்டத்துக்குள் ஒரு வளைவு திரும்பியதும் காணாமல் போகும். வீட்டிலும் வேலையிடத்திலும் எந்த நிறுவனத்தின் லைன் எடுக்கிறது என்பதை ஒரு பிரிபெய்ட் சிம் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் செய்யலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் உண்டு.

யாருடைய தயவும் இல்லாமல் கிடைக்கும் ஒரு சலுகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை உண்டு. கைப்பேசி, கணினி, டேப்லட் விலையும் சொந்தப் பெயரிலுள்ள இணையக் கட்டணமும் இதில் அடங்கும். 6 விழுக்காட்டுப் படியில் வரி கட்டும் தாதிக்கு முழுத் தொகைக்கு 150 ரிங்கிட்டும், 11 விழுக்காட்டுப் படியில் 275 ரிங்கிட்டும் மிச்சமாகும். ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு இதனால் பயனில்லை.

பெரிய ஆபத்து வாட்ஸ்அப்பில் வருகிறது. "முன்களப் பணியாளருக்குச் சிறப்புக் கைப்பேசி, இன்றே கடைசி நாள்" என்று ஒரு லிங்க் வரும். அடையாள அட்டையின் இரு பக்கம், சம்பளச் சீட்டு, சில வேளை வங்கி அனுப்பும் டிஏசி எண்ணும் கேட்பார்கள். இவை போதும், இன்னொருவர் பெயரில் சிம் எடுக்கவும் கடன் கேட்கவும். நிறுவனத்தின் சொந்தச் செயலி அல்லது கிளை வழியாக மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டையின் நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுப்பது வழக்கம். மலிவு விலைக் கைப்பேசி 'ஏபி செட்'டாக (அதிகாரப்பூர்வ முகவர் வழியாக வராத இறக்குமதியாக) இருந்தால் உற்பத்தியாளரின் உள்நாட்டு உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, சிரிம் சான்று பெற்றதா என்றும் பார்க்க வேண்டும்.

கழிவு கொடுப்பது கட்டாயமில்லை என்றாலும், விளம்பரத்தில் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பாளிதான். விலையில் ஏமாற்றுவதையும், பொருளை விற்கும் எண்ணமில்லாமல் ஆசை காட்டி இழுப்பதையும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வாக்களித்த கழிவு பில்லில் வரவில்லையென்றால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டுடன் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்தது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (1-800-188-030). பணத்தை மீட்கப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர் கிடையாது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மலாயில் எழுதத் தயங்குவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழிலேயே அணுகலாம்.

விண்ணப்பத்தில் கொடுத்த விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாமென்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. மோசடியில் வங்கிப் பணம் போயிருந்தால், புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழைத்து, பிறகு போலீசில் புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் அழைத்தால்தான் அதை முடக்க வழியுண்டு.