கட்டுவோர் கணக்கு

வேலூரிலிருந்து ஆம்பூருக்குச் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். ஊருக்கு ஓர் அழகு சொன்ன நம் முன்னோர் விரிஞ்சைக்கு மதிலழகைச் சொன்னார்கள். மார்க்கபந்தீசுவரர் கோயிலின் மதிலை அண்ணாந்து பார்த்து வியப்போர் பலர். அதைக் கட்டியவர்களுக்குக் கூலி எப்போது கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அக்கோயிலில் ஒரு கல்வெட்டும் உண்டு. 1425ஆம் ஆண்டளவில், விசயநகர மன்னன் தேவராயன் காலத்தில் எழுந்தது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் ஒன்றுகூடி, திருமணத்தில் பெண்ணுக்காகப் பொன் கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது என்று உடன்பட்டதை அது கூறுகிறது. தனி ஒருவரால் விலக்க முடியாத வழக்கத்தைப் பலர் கூடி எழுத்தில் நிறுத்தி விலக்க முயன்றார்கள். ஒரே தொழில் செய்வோர் சங்கம் அமைப்பதன் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. கட்டட ஒப்பந்தக்காரர்களின் சங்கங்கள் எதற்காகக் குரல் கொடுக்கின்றன என்பதை இன்று சற்றே காண்போம்.

ஒப்பந்தக்காரர் என்றதும் பெருஞ்செல்வர் ஒருவர் நம் கண்முன் தோன்றுகிறார். சிற்றூரில் ஊராட்சிச் சாலையும் பள்ளிக்கூட அறையும் கட்டுபவர் நிலை வேறு. ஒப்பந்தப்புள்ளி கொடுக்கும்போதே அவர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். சிமெண்டும் கம்பியும் கடனுக்கு வாங்க வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். வேலை நடந்தபின் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவு செய்வார். பட்டியல் பல மேசைகளைக் கடக்கும். நிதி ஒதுக்கீடு வந்தால் பணம் வரும். செலவோ வாரக் கணக்கு. வரவோ மாதக் கணக்கு. இந்த இடைவெளியை நிரப்புவது வட்டிக் கடனும், சில வேளைகளில் வீட்டு நகையும்.

இரண்டாவது இடர் வரி. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கட்டடம் கட்டித் தரும்போது செங்கல்லும் சிமெண்டும் ‘விற்பனை’ ஆகின்றனவா? ஆகும் என்று விற்பனை வரி கேட்டது சென்னை அரசு. கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத ஒன்று. அதற்குள் பொருள் விற்பனை தனியே இல்லை என்று 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம் வந்து, ஒப்பந்த வேலையில் சேரும் பொருள்களுக்கு வரி விதிக்க வழி திறந்தது. 1941இல் தொடங்கிய அகில இந்தியக் கட்டுநர் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1989இல் வந்த தீர்ப்பு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. எனினும், மற்ற விற்பனைகளுக்கு உள்ள அரசியலமைப்பு வரம்புகள் இந்த வரிக்கும் உண்டு என்று உறுதி செய்தது. தொழிலாளர் கூலி போன்றவற்றைக் கழித்தே வரியைக் கணக்கிட வேண்டும் என்பது 1992இல் மற்றொரு வழக்கில் தெளிவாயிற்று. ஆக, 1989 வழக்கில் சங்கம் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் வரிக்கு ஓர் எல்லைக்கோடு கிடைத்தது.

2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்யும் பெரும்பாலான கட்டுமான ஒப்பந்தங்களுக்கு முதலில் 12 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்த வரி, 2022 ஜூலை 18 முதல் 18 விழுக்காடாயிற்று. ஒரு கோடி ரூபாய் வேலையை, 12 விழுக்காடு வரியும் சேர்த்து, 1 கோடியே 12 லட்சத்திற்கு ஒப்புக்கொண்டவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலை பாதியில் நிற்கும்போது விகிதம் மாறுகிறது என்றும் கொள்வோம். எஞ்சிய வேலைக்கெல்லாம் புதிய விகிதத்தில் வரி கட்ட வேண்டும். முழு வேலைக்கும் அவ்வாறு நேர்ந்தால், அதே தொகையிலிருந்து 17 லட்சத்துக்கு மேல் வரியாகச் செல்லும். கூடுதலான 5 லட்சம் அவர் இலாபத்திலிருந்து போகும். இலாபம் போதாவிட்டால் கட்டடத்தின் தரத்திலிருந்தோ கூலியிலிருந்தோ போகும். எனவேதான், ஒப்பந்தத்துக்குப் பின் வரி ஏறினால் வேறுபாட்டைத் துறையே தர வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. கேட்பது நியாயமே. ஆனால் நியாயத்துக்கு இருபுறமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏற்றத்தில் பங்கு கேட்பவர் இறக்கத்திலும் பங்கு கொடுக்க மனம் கொள்ள வேண்டும்.

பணம் தாமதமானால் என்ன செய்வது? சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டிவிகிதத்தைப் போல மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. ஆம்பூரில் காலணிக்கு மேல்தோல் தைத்துத் தரும் பதிவு பெற்ற சிறு தொழிலகம் இந்த உரிமையைக் கோரலாம். ஆனால் கட்டுமான ஒப்பந்தங்கள் இச்சட்டத்தில் அடங்கா என்று சில உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. தோல் தைத்தவருக்கு உள்ள காப்பு, தோல் கிடங்கின் சுவரை எழுப்பியவருக்கு ஐயத்துக்கு இடமாகி நிற்கிறது. சங்கங்கள் முதன்மையாகப் போராட வேண்டிய இடம் இதுவே எனலாம்.

தனி ஒருவர் தாமதத்தைத் தட்டிக் கேட்க அஞ்சுகிறார். அடுத்த ஒப்பந்தப்புள்ளி நினைவுக்கு வருகிறது. சங்கம் கேட்கும்போது அந்த அச்சம் குறைகிறது. பொதுமக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தாமதம் வழக்கமாகிவிட்டால், அதன் வட்டியை அடுத்த விலைப்புள்ளியிலேயே சேர்த்து எழுதுவர். அதைத் தருவது நம் வரிப்பணம். அதே வேளையில், கலவையில் மணலைக் கூட்டும் உறுப்பினரைச் சங்கம் காத்து நிற்றலும் தகாது. வேலையைச் செவ்வையாக முடித்தவருக்கே உரிய காலத்தில் பணம் கேட்கும் தகுதி உண்டு.

மார்க்கபந்து என்றால் வழித்துணை என்று பொருள். தொழில் செய்வோர்க்குச் சங்கம் அத்தகைய துணையாக இருக்கட்டும். இன்று எழும் சுவர்களைப் பின்வரும் தலைமுறை அண்ணாந்து பார்க்கும்போது, அவற்றை எழுப்பியவர்க்கு உரியதை உரிய காலத்தில் கொடுத்தோம் என்ற நிறைவு நமக்கு இருக்கட்டும்.