நின்ற இடத்தில் குலுங்கும் வண்டி

சரக்கு கொண்டுவர நம்மில் பலர் நம்பியிருப்பது ஆம்னி வேனைத்தான். 1984-ல் வந்த வண்டி. 2019-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும் கார்புரேட்டர் வைத்த பழைய வேன்கள் கடைத்தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பற்றி வியாபார அன்பர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. ஓடும்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றால் 'மிஸ்ஸிங்' அடிக்கிறது, உட்காரும் சீட் நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே விடுகிறது. முழுப் பாரத்தோடு மேட்டில் நிற்கும்போது அணைந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், ஐடிலிங் திருகைக் கூட்டி வைப்பது. குலுக்கல் அமுங்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், நோய் அப்படியே இருக்கும்.

ஓட்டத்தில் தெரியாத குறை நிற்கும்போது மட்டும் ஏன் தெரிகிறது? நம் தராசுக் கணக்கிலேயே சொல்லலாம். 50 கிலோ மூட்டையில் 20 கிராம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 100 கிராம் மிளகுப் பொட்டலத்தில் குறைந்தால் வாடிக்கையாளர் கையில் வாங்கியவுடனே சொல்லிவிடுவார். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சம். அப்போது ஒரு சிறு ஓட்டை வழியே புகும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். அதோடு இந்த வேனுக்கு 3 சிலிண்டர்தான். ஒன்று வேலை நிறுத்தம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எஞ்சினும் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் குலுக்கல் நேராக நம்மிடம் வந்து சேரும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, கோளாறு ஒரு சிலிண்டரிலா, மூன்றுக்கும் பொதுவா என்பதுதான். எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் உதிரி பிளக் ஒன்றை மாட்டி எஞ்சின் இரும்பில் நன்றாகப் பதிய வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் ஆள் அகப்பட்டான். மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்த வேலை இது. மெக்கானிக் செய்யட்டும், நாம் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் போதும். கதவடைத்த குடோனுக்குள் மட்டும் வேண்டாம், புகை உயிரை வாங்கும்.

அகப்பட்ட சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த மல்லி நிறம் இருந்தால் குறையில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுவதும் திரும்பாமல் இருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங், வால்வு பக்கம் செலவு காத்திருக்கிறது. அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாற்றிப் போட்டால் கோளாறும் கூடவே போகிறதா என்று தெரிந்துவிடும். போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கடைசியாகக் கம்ப்ரஷன். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.

மூன்று சிலிண்டரும் ஒன்றுபோல் பதில் சொன்னால் ரப்பர் குழாய்களைப் பார்க்க வேண்டும். சூட்டில் வெந்து வெடித்த குழாய் 'உஸ்' என்று காற்றை உறிஞ்சும். கார்புரேட்டர் அடிவாய் பேக்கிங்கும் இப்படித்தான். நம் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் முதலில் பிளக், பிறகு காயில், அப்புறம் கார்புரேட்டரே புதிது என்று மாற்றினார். குலுக்கல் போகவில்லை. கடைசியில் வேறொரு பட்டறையில் விரல் நீளக் குழாய் ஒன்றை மாற்றியதும் வண்டி அடங்கியது. ஒரு பாகம் மாற்றினால் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது என்று சொல்லுங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்குங்கள். கொள்முதலில் ஒவ்வொரு மூட்டையையும் குத்தூசி போட்டுப் பார்க்கும் நாம் பட்டறை பில்லை மட்டும் பார்க்காமலே கொடுக்கிறோம்.

குழாயும் சரியென்றால் ஐடில் ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கும். கழற்றிக் காற்றடித்தால் தீரும். இவை முடிந்த பிறகுதான் ஐடிலிங் திருகைத் தொட வேண்டும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடானபின்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் வயரைக் கழற்றி ஓடவிட வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அங்கே ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதும், திராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்வதும்தான் முதல் வேலை.