புது போன் வாங்கணுமா, பழசையே தேத்தலாமா? பட்ஜெட்டுக்குள் முடிவெடுப்பது எப்படி?

‘போன் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு’, ‘காலைல சார்ஜ் போட்டா மத்தியானம் வரைக்கும் கூட நிக்க மாட்டேங்குது’, ‘ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்துக்கிட்டே இருக்கு’. ஸ்மார்ட்போன் வாங்கி இரண்டு, மூன்று வருடம் ஆனவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல்கள் இவை. அடுத்து வரும் கேள்வி, ‘புதுசு வாங்கிடலாமா?’ என்பதுதான்.

காலண்டர், அலாரம், போன் நம்பர்கள், வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், பிள்ளைகளின் பள்ளி வாட்ஸ்அப் குரூப் என வீட்டு நிர்வாகமே இப்போது கைக்குள் இருக்கும் அந்தக் கருவியில்தான் நடக்கிறது. அதனால் மாற்றுவதும் சாதாரண விஷயம் இல்லை, மாற்றாமல் இருப்பதும் சாதாரண விஷயம் இல்லை. எதற்கு செலவு செய்யலாம், எதற்கு செய்தால் காசு வீண் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் எது பழுதானது என்று பாருங்கள்

போன் ‘பழசாகிவிட்டது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, பேட்டரி தேய்ந்திருக்கும். இரண்டு, ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும். மூன்று, அந்த மாடலுக்கு நிறுவனம் சாஃப்ட்வேர் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்கும்.

முதல் பிரச்னையை குறைந்த செலவில் சரிசெய்யலாம். இரண்டாவதை பல நேரம் செலவே இல்லாமல் சரிசெய்யலாம். மூன்றாவது அப்படி இல்லை. எந்தக் கடையிலும் அதற்கு மருந்து கிடையாது. ஆனால், நம்மில் பலர் பார்க்காமல் விடுவது அந்த மூன்றாவதைத்தான்.

அந்தக் காலத்து ஆர்கனைசரில் என்ன வசதி இருந்தது?

ஸ்மார்ட்போனுக்கு முன்பு இந்த வேலைகளைச் செய்தவை கையடக்க ஆர்கனைசர்கள். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ‘பைலட் 1000’ என்ற பாம் கருவி அதில் பிரபலம். அதன் மெமரி வெறும் 128 கிலோபைட். இரண்டு சிறிய பென்சில் பேட்டரிகளில் ஓடியது. பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மெமரி போதவில்லை என்றால் பின்பக்க மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன மெமரி போர்டை கழற்றிவிட்டு பெரியதை மாட்டலாம். அதாவது, முழு கருவியையும் தூக்கிப்போடாமல் தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது.

1999-ல் வந்த ‘பாம் 5’ மாடலில் இது மாறியது. கருவி மெலிதாக, அழகாக இருந்தது. ஆனால் லித்தியம் அயான் பேட்டரியை உள்ளே வைத்து, மூடியையே பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். இன்றைய போன்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வருகின்றன. அதனால்தான் பேட்டரி மாற்றுவது என்ற சின்ன வேலைக்குக் கூட கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து, பேட்டரியை மாற்றவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். மாற்ற முடியும்.

பேட்டரி: எப்போது மாற்ற வேண்டும்?

லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆயுள், ‘சார்ஜ் சைக்கிள்’ கணக்கில். இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டும் சேர்த்து ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 சைக்கிள் முடிந்த பிறகும் 80 சதவீத கொள்ளளவு இருக்கும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சைக்கிள். தினமும் ஒரு சைக்கிள் ஓட்டுபவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.

பேட்டரி தேய்ந்தால் சார்ஜ் மட்டும்தான் குறையும் என்று இல்லை, போன் வேகமும் குறையலாம். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, சாஃப்ட்வேர் மூலம் வேகத்தைக் குறைத்ததாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும், அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றிய பலருக்கு போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

ஐபோனில் செட்டிங்ஸ் போய் பேட்டரி ஹெல்த் பகுதியைப் பார்த்தால் எத்தனை சதவீதம் என்று தெரியும். சாம்சங் போன்களில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலியில் பேட்டரி சோதனை இருக்கிறது. மற்ற போன்களில் அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துபோவது, சதவீதம் படிப்படியாக இறங்காமல் குதித்து இறங்குவது, சார்ஜர் செருகியதும் சட்டென்று ஏறுவது ஆகியவை தேய்ந்த பேட்டரியின் அடையாளங்கள்.

பின்பக்கம் உப்பியிருந்தாலோ, டிஸ்ப்ளே ஓரத்தில் மேலே எழும்பியிருந்தாலோ விஷயம் வேறு. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்துவது, குத்துவது, நீங்களே திறந்து பார்ப்பது கூடவே கூடாது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது.

கடையில் பேட்டரி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வாய்ப்பிருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் விலை கேளுங்கள். ‘அங்கே ரொம்ப காஸ்ட்லி’ என்று கேட்காமலேயே முடிவெடுப்பவர்கள் அதிகம். அங்கே விலை கேட்ட பிறகு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளிலோ உங்கள் ஊர் கடையிலோ ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் விற்கப்படும் மொபைல் பேட்டரிகளுக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். பேட்டரி மேல் பி.ஐ.எஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் போட்டு யாருடையது என்று சரிபார்க்கலாம். பில்லும், எத்தனை மாத வாரண்டி என்பதும் எழுத்தில் வாங்குங்கள்.

போனைத் திறந்து மூடிய பிறகு, தண்ணீர் புகாத தன்மை முன்பு போல் இருக்கும் என்று நம்பாதீர்கள். புதிய ஐபோன்களில் வெளியில் வாங்கிய பேட்டரி போட்டால், அது அசல் பாகம்தானா என்று தெரியவில்லை என்ற அறிவிப்பும் வரும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பு

பேட்டரியை விட முக்கியமானது உள்ளே இருக்கும் படங்களும் வங்கி விவரங்களும். முதலில் பேக்கப் எடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுள் கணக்கின் 15 ஜி.பி இலவச இடத்திலேயே கணக்கில் வருகிறது என்பதால், அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்ற ஸ்கிரீன் லாக் நம்பர் தேவையில்லை, சொல்லாதீர்கள். சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சல் போன்களில் ‘ரிப்பேர் மோட்’ உள்ளது. அதை ஆன் செய்தால் மெக்கானிக் போனைச் சோதிக்கலாம். ஆனால் உங்கள் படங்களோ மெசேஜ்களோ அவருக்குத் தெரியாது.

ஸ்டோரேஜும் ரேமும் ஒன்றா?

இல்லை. ஸ்டோரேஜ் என்பது பீரோ, ரேம் என்பது வேலை செய்யும் மேசை. பீரோ நிரம்பி வழிந்தால் எதை எடுக்கவும் நேரமாகும். மேசை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறைய வேலை செய்ய முடியாது.

பீரோவை காலி செய்வது சுலபம். பல வீடுகளில் அதை நிரப்புவது வாட்ஸ்அப்பில் வரும் ‘குட் மார்னிங்’ படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பெரிய வீடியோக்களை அழித்துவிட்டு, தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். பத்தில் ஒரு பங்கு இடமாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

மெமரி கார்டு ஸ்லாட் இருந்தால் படங்களையும் பாட்டுகளையும் அதில் மாற்றலாம். நம்ப முடியாத மலிவு விலையில் 512 ஜி.பி, 1 டி.பி என்று விற்கும் கார்டுகளில் ஏமாந்துவிடாதீர்கள். மேலே அச்சடித்திருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறாக இருக்கும் போலிகள் நிறைய. இடம் தீர்ந்த பிறகு பதிவாகும் படங்கள் திறக்கவே திறக்காது. கார்டு வாங்கியதும் முழுவதும் ஃபைல்களைப் போட்டு, அவை திறக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை.

ரேமை மட்டும் கூட்ட முடியாது. அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ‘விர்ச்சுவல் ரேம்’ என்று செட்டிங்ஸில் வருவது ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேம் போல பயன்படுத்துவதுதான். உண்மையான ரேமின் வேகம் அதில் வராது. ‘ரேம் பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் செயலிகளைப் போடவே வேண்டாம். அவையும் இடத்தைப் பிடித்து, விளம்பரத்தையும் காட்டும்.

காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று

இப்போது மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், ‘அபௌட் போன்’ பகுதியில் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் கடைசியாக வந்த செக்யூரிட்டி அப்டேட்டின் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், நிறுவனம் உங்கள் மாடலைக் கைவிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால் என்ன? ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் மாதாமாதம் வெளியிடப்படுகின்றன. அப்டேட் வரும் போனில் அவை அடைக்கப்படும். வராத போனில் திறந்தே கிடக்கும். ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். புது பேட்டரி போட்டாலும், மெமரி கார்டு போட்டாலும் இது மாறாது.

அப்படிப்பட்ட போனை உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. யு.பி.ஐ, வங்கிச் செயலிகள், ஓ.டி.பி வரும் சிம் ஆகியவற்றை மட்டும் அப்டேட் வரும் போனுக்கு மாற்றுங்கள். பழையதை அலாரம், ரேடியோ, புத்தகம் படிப்பது, பிள்ளைகளின் பாட வீடியோ போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு போடுவது எப்படி?

செலவை, மிச்சமிருக்கும் அப்டேட் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, பேட்டரி மாற்ற 2,000 ரூபாய் ஆகிறது, போனுக்கு இன்னும் 2 வருடம் அப்டேட் உண்டு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,000 ரூபாய். அதுவே 12,000 ரூபாய்க்கு 4 வருட அப்டேட் உள்ள புது போன் வாங்கினால் வருடத்துக்கு 3,000 ரூபாய். இங்கே பழசைத் தேத்துவதுதான் லாபம்.

அதே போனுக்கு பேட்டரியோடு டிஸ்ப்ளேவும் மாற்ற வேண்டும், மொத்தம் 6,000 ரூபாய், அப்டேட் இன்னும் ஒரு வருடம்தான் என்றால்? வருடத்துக்கு 6,000. அப்போது புது போன்தான் சரி.

புதிதாக வாங்கும்போதும் இதே கணக்குதான். கேமராவையும் ரேமையும் கேட்பதற்கு முன்பு, எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-ம் சாம்சங் எஸ்24-ம் 7 வருடம் என்று அறிவித்திருக்கின்றன. பட்ஜெட் போன்களில் இது மாடலுக்கு மாடல் மாறும்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ எண்ணை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் போனாக இருந்து முடக்கப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. 800 சைக்கிளுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ், வாரண்டி, உதிரி பாகம் பற்றிய தகவல்களை ஒரே இடத்தில் தருவதுதான் அதன் நோக்கம். வாரண்டி இருந்தும் மறுத்தாலோ, பில் தராமல் ஏமாற்றினாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மாற்றிய பிறகு பேட்டரி நீண்ட நாள் வர ஒரு விஷயம் போதும்: சூடாக விடாதீர்கள். கத்திரி வெயிலில் பைக் ஹோல்டரில் மாட்டி மேப் பார்த்துக்கொண்டே சார்ஜ் போடுவது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது இரண்டும் பேட்டரிக்கு எமன். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரிலோ இ-வேஸ்ட் சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.