கையெழுத்துக்கு மட்டும்தானா பெற்றோர்?

ரேங்க் கார்டு கொடுக்கும் வாரத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வராந்தாவில் பெற்றோர் வரிசை. மேசைக்குப் பின்னால் வகுப்பாசிரியர், பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டபடி பிள்ளை. "பையன் கவனிக்கிறதே இல்லம்மா, வீட்டுல கொஞ்சம் பார்த்துக்கோங்க." "சரிங்க டீச்சர்." கையெழுத்து. அடுத்தவர் வரலாம். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பையன் கழித்தலில் தடுமாறுகிறானா, இல்லை கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே சிக்கலா என்பதெல்லாம் பேச்சில் வராமலே சந்திப்பு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு நிமிடத்துக்காக அந்த அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

ஆசிரியர் பெற்றோரைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை எப்படி, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிவிப்பதும் அதில் ஒன்று. நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றுக்குச் சமமாகவே இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற கடமைகளுக்கு மேலதிகாரி கணக்குக் கேட்கிறார். இதற்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் அரைநாள் கூலியை விட்டு வந்த அந்த அம்மாதான். அவருக்கோ இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை. மாதிரி விதிகளின்படி தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர். உதவிபெறும் பள்ளிகளில் மட்டும் 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பங்கு மட்டுமே.

சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இல்லாத உரிமையைப் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் சித்தாளுக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. கட்டணம் கட்டுகிறவர் வாட்ஸ்அப் குழுவில் பொருமுகிறார். சித்தாளோ கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறார். எந்தப் பக்கம் பார்த்தாலும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் சில ஆண்டுகள் பெரும்பாலும் பதிவேட்டிலேயே இருந்தன. 2022 மார்ச் 20 அன்று எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் குழுக்களை மறுகட்டமைக்கும் வேலையை அரசு தொடங்கியது. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர, எண்ணிக்கை 24 ஆனது. மாதந்தோறும் கூட்டம், போட்ட தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுவது, அது எந்தத் துறைக்குப் போனது என்று தொடர்வது என ஓர் ஒழுங்கும் வந்தது. சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்க் குழாய், இடிந்து விழும் நிலையில் இருந்த பழைய வகுப்பறை என்று வருடக்கணக்கில் தலைமையாசிரியர் மட்டும் மனு எழுதிக்கொண்டிருந்த விஷயங்களைப் பெற்றோரும் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியர் கேட்பதற்கும் ஊர் கேட்பதற்கும் வட்டார அலுவலகத்தில் உள்ள வித்தியாசம் என்ன என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தூக்கி நிறுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1950களின் இறுதியில், காமராசர் முதல்வராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டிடமும் சீருடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைய மதிய உணவிலும் அரசு ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு. அந்த மரபுதான் இன்றைய குழுக்களிலும் ஓடுகிறது. ஆனால் அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. அன்றும் இன்றும் ஊரிடம் கேட்பது பெரும்பாலும் பொருள். சுவர் கட்டியாயிற்றா என்று குழு கேட்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டாமல் படிக்க வருகிறது என்று கேட்பது அபூர்வம்.

இந்தக் குறையின் விலை என்ன என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்புடன் சேர்ந்து 280 கிராமங்களில் இதை நடத்தினார்கள். 2010இல் கட்டுரை வெளியானது. அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று ஏட்டில் இருந்தது. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது.

ஆய்வாளர்கள் சில கிராமங்களில் கூட்டம் போட்டுக் குழுவின் உரிமைகளை விளக்கினார்கள். சிலவற்றில் அதோடு பிள்ளைகளை எளிதாகச் சோதித்துப் பார்க்கப் பெற்றோருக்கே கற்றுக்கொடுத்து, ஊர்ப் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பொதுவில் பேசவைத்தார்கள். இந்த இரண்டு வழியாலும் பள்ளியில் எதுவும் மாறவில்லை. ஆசிரியர் வருகையும் பிள்ளைகளின் படிப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்றாவது வகைக் கிராமங்களில் மட்டும், படித்த உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது. அந்த வகுப்புக்குத் தொடர்ந்து வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. வந்தவர்கள் சிறு பகுதிதான் என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கூட்டங்களே வீண் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு வீட்டுக்காரர்களைக் கூட்டி "உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நாளை காலை, இந்தப் பிள்ளையோடு, இந்த ஒன்றைச் செய்யுங்கள் என்றால் செய்வார்கள். ஜான்பூர் மக்கள் பள்ளியைத் தட்டிக் கேட்கத் தயங்கினார்கள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்கவில்லை.

நம் ஊரில் இல்லம் தேடிக் கல்வி அதைத்தான் பெரிய அளவில் காட்டியது. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள், அதே தெருவில் இருப்பவர்கள். பள்ளி விட்ட பிறகு மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 24 சதவீதம், இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. இழப்பு ஏழை வீடுகளில் கூடுதலாக இருந்தது; மீண்டு வந்ததிலும் அந்த வீட்டுப் பிள்ளைகளே முன்னே நின்றார்கள்.

இதில் வீடு எங்கே வருகிறது என்று கேட்கலாம். சொல்லிக்கொடுக்கும் அக்கா தெருக்காரர். பிள்ளை வரவில்லை என்றால் அவரே வாசலில் வந்து, "ஏன்க்கா, இன்னைக்கு அனுப்பல?" என்று கேட்டுவிடுவார். பதில் சொல்லும் அம்மாவுக்கும் அவரிடம் கூச்சம் இல்லை. பள்ளி வாசலைத் தாண்ட ஒரு தாய்க்கு இருக்கும் தயக்கம் சாதாரணமானதல்ல. தான் எட்டாம் வகுப்பில் நின்றுபோனது, கட்டியிருக்கும் புடவை, ஊரில் தன் தெரு எது என்பது எல்லாம் அவரோடு சேர்ந்தே வாசலுக்கு வருகின்றன. மேலாண்மைக் குழுவில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் எழுதிவிட்டது. அந்த இடத்தில் அவர் தரையில் உட்காருகிறாரா, நாற்காலியில் உட்காருகிறாரா என்பதைச் சட்டம் எழுதவில்லை.

இந்தத் தயக்கத்தைப் பொறுத்தவரை, காலை உணவுத் திட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, முதலில் மாநிலத்தின் 1,545 பள்ளிகளில் நடந்து, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த திட்டம் அது. கிராமங்களில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்தப் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதியே வைத்தார்கள். தன் பிள்ளையும் அதே தட்டில் சாப்பிடும்போது பொங்கலில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனி ஆய்வாளர் வேண்டியதில்லை. அதோடு, விடியும் முன்பே பள்ளி வளாகத்துக்குள் உரிமையோடு நுழையும் தாய் ஒருவர் அந்தக் கிராமப் பள்ளிகளுக்குக் கிடைத்துவிட்டார். ஆசிரியர் வருவது, போவது, பிள்ளைகள் சாப்பிடுவது, சாப்பிடாமல் ஒதுங்குவது எல்லாம் அவர் கண்ணில் படுகிறது. மாதம் ஒரு கூட்டத்தில் கிடைக்காத நெருக்கம் இது.

ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலையில் எதையும் ஏற்றிவிடலாம் என்று நினைப்பது தனி ஆபத்து. 2022 கோடையில் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை 7,500 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் வரையான மாதத் தொகுப்பூதியத்தில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டது. உள்ளூர் செல்வாக்குள்ளவர்களின் ஆட்கள் நுழைந்துவிடுவார்கள், தகுதி பார்க்கும் வழி தெளிவாக இல்லை என்று எதிர்ப்பு எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பிள்ளை படிப்பதைக் கவனிக்கப் பெற்றோருக்குத் தகுதி உண்டு. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது அரசின் வேலை. அதைக் கைகழுவிவிட்டு மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, படிக்காத பெற்றோர் என்னதான் செய்ய முடியும்? "எனக்கே படிக்கத் தெரியாது சார், நான் என்ன பண்றது?" ஆசிரியர்கள் அன்றாடம் கேட்கும் வாக்கியம் இது. இதற்கு நல்ல பதில் உண்டு. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் காது இருக்கிறது: தடையில்லாமல் போகிறதா, திக்குகிறதா, நேற்றைக்கு இன்று தேவலையா என்று தெரிந்துவிடும். மளிகைக் கடையில் மீதிக் காசைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது வருகை. குலதெய்வக் கோயில், சித்தி வீட்டு வளைகாப்பு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போகும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் பாடத்தையும் சேர்த்துத் தின்கிறது. இதைத் தடுக்க அம்மாவால் முடிகிற அளவுக்கு ஆசிரியரால் முடியாது.

ஆசிரியர் பக்கத்தில் வேண்டியதும் பெரிய வித்தையில்லை. "கவனிக்கிறதில்லை" என்பதற்குப் பதிலாக, "இரண்டு இலக்கக் கழித்தலில் கடன் வாங்குவது இவனுக்கு வரலை, இந்த அஞ்சு கணக்கை வாரத்துல மூணு நாள் போடச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும். நல்ல சேதியும் போக வேண்டும். பள்ளியிலிருந்து போன் வந்தாலே ஏதோ வம்பு என்று பயப்படும் வீடுகள் இருக்கின்றன. கூட்டத்தை வேலை நாள் மதியத்தில் வைத்துவிட்டு யாரும் வருவதில்லை என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை. திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோர் போய்விட்ட வீட்டில் பாட்டிதான் பாதுகாவலர். சட்டம் அவரையும் ஏற்கிறது. பல பள்ளிகள் மட்டும் இன்னும் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பெற்றோர் கேட்டுப் பெறக்கூடியவையும் சில உண்டு. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டக் குறிப்புகளும் முடிவுகளும் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். குறிப்பேட்டைக் காட்டுங்கள் என்று உறுப்பினரல்லாத பெற்றோரும் கேட்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் கட்டிடத்தைத் தாண்டி வாசிப்பு, கணக்கு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. 2024இல் அமைந்தவற்றின் காலம் 2026 வரை. கடந்த முறைகளில் பல பள்ளிகளில் வந்திருந்தவர்களைப் பார்த்து, "நீங்க இருக்கீங்களாம்மா?" என்று கேட்டே பட்டியல் நிரம்பியது. வந்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். குழு உறுப்பினர் தேர்வு நாள் அறிவிப்பு பிள்ளையின் டைரியில் ஒட்டியோ, வாட்ஸ்அப்பிலோ, பள்ளிச் சுவரிலோ வரும்.