மெதடிஸ்ட் சபையாரும் நாமும்



சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அங்கே பிற சபையாரோடு பழகுகிறார்கள். சில வேளைகளில் திருமணமும் பேசப்படுகிறது. அப்போது பெற்றோர், "சாமி, மெதடிஸ்ட் என்றால் சி.எஸ்.ஐ.யா, வேறா? அவர்களுக்கு மறுபடியும் திருமுழுக்கு கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவான ஜான் வெஸ்லி தொடங்கிய எழுப்புதல் இயக்கமே மெதடிசம். தொடக்கத்திலேயே அதில் பிளவு வந்தது. மீட்பின் அருள் எல்லாருக்கும் வழங்கப்படுகிறது, மனிதர் அதை ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்றார் வெஸ்லி. கடவுள் முன்னரே தெரிந்துகொண்டவர்களுக்கே மீட்பு என்றார் அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு. இந்த இரண்டாம் கருத்தை ஏற்ற வேல்ஸ் நாட்டு மெதடிஸ்ட்கள் 1841இல் காசி மலைக்கு மறைப்பணியாளரை அனுப்பினார்கள். மேகாலயா, மிசோரம் மாநிலங்களின் பிரஸ்பிட்டேரியன் சபை அவர்கள் வழியில் வந்ததே.

வெஸ்லியைப் பின்பற்றியவர்களும் ஒரே அமைப்பாக இருக்கவில்லை. அமெரிக்க மெதடிஸ்ட்கள் ஆயர்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஆயர்கள் இல்லை. இரு கிளைகளும் இந்தியாவுக்கு வந்தன. தென்னிந்தியாவிலிருந்த இங்கிலாந்துக் கிளையினர், ஆங்கிலிக்கர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோருடன் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிணைந்து சி.எஸ்.ஐ. ஆனார்கள். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுவார்த்தையின் கனி அது. ஆயர் பணி பற்றிய கருத்து வேறுபாடே பேச்சை நீட்டித்தது. அமெரிக்கக் கிளையினரோ 1970இல் வட இந்தியத் திருச்சபை ஒன்றிப்பில் சேராமல் விலகினார்கள். 1981இல் தன்னாட்சி பெற்ற இந்திய மெதடிஸ்ட் திருச்சபை ஆனார்கள். எனவேதான் பெங்களூரில் வெஸ்லியன் மிஷன் வழிவந்த ஹட்சன் நினைவு ஆலயம் சி.எஸ்.ஐ.யிலும், ரிச்மண்ட் டவுன் ஆலயம் மெதடிஸ்ட் திருச்சபையிலும் உள்ளன.

நம்மோடு அவர்களுக்கு உள்ள உறவு என்ன? நாம் மீட்கப்படுவது நம் செயல்களின் தகுதியால் அல்ல, இறையருளால்; அந்த அருளே நம்மை நற்செயலுக்குத் தூண்டுகிறது என்று கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டனர். 2006இல் சியோல் நகரில் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் இணைந்தது. 16ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபையைப் பிளந்த கேள்வி இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

குருத்துவம், நற்கருணை பற்றிய வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆகவே நற்கருணைப் பந்தியில் இன்னும் ஒன்றாக அமர முடியவில்லை. அது நமக்கு வேதனை தர வேண்டும். ஆனால் தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் அவர்கள் பெற்ற திருமுழுக்கு உண்மையானது. அதை மீண்டும் கொடுக்கக் கூடாது. திருமணத்திற்கு மறைமாவட்ட அனுமதி வேண்டும். முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

அவர்களைப் "பிரிவினைக்காரர்" என்று வீட்டில் பேசாதிருப்போம். சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று பாடுகளுக்கு முந்தைய இரவில் ஆண்டவர் மன்றாடினார். ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை நாமும் அந்த மன்றாட்டில் இணைவோம். அவர்களும் அதே நாள்களில் நமக்காக மன்றாடுகிறார்கள்.